கீபோர்டில் சில மல்டிமீடியா விசைகள் மட்டும் லினக்ஸில் ஏன் பேசாமல் இருக்கின்றன?

கேள்வி நீளமாக இருந்தது, சாரம் இதுதான். புதிதாக வாங்கிய யூஎஸ்பி கீபோர்டில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் விசைகள் லினக்ஸில் செருகியதுமே வேலை செய்தன. ப்ளே விசை சில நேரம் பாட்டு பிளேயரை இயக்குகிறது, சில நேரம் பிரவுசரில் ஓடும் வீடியோவை நிறுத்துகிறது. மேல் வரிசையில் உள்ள நான்கு சிறு பட்டன்கள் எதுவுமே செய்வதில்லை. ஷார்ட்கட் அமைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றை அமுக்கினாலும் அந்த ஜன்னல் கண்டுகொள்வதில்லை. "எல்லா விசைகளையும் ஒரே இடத்தில் எளிதாக அமைக்க லினக்ஸில் ஏன் வழி இல்லை?" என்று முடித்திருக்கிறீர்கள். கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. அமுக்கிய விசை எங்கே காணாமல் போகிறது என்பது ஒன்று. வந்து சேர்ந்த விசைக்கு என்ன வேலை கொடுப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு லினக்ஸில் நல்ல ஜன்னல்கள் ஏற்கெனவே உண்டு. முதலாவதற்குத்தான் இல்லை. உங்கள் நான்கு பட்டன்களும் சிக்கியிருப்பது அங்கேதான்.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். கீபோர்டுப் புகார்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் இழுத்தடிக்கின்றன: பிரச்சினை கீழே இருக்கும், ஆள் மேலே தேடிக்கொண்டிருப்பார். எனவே விசை கடந்து வரும் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

ஒலி விசையை அமுக்கும்போது கீபோர்டு "ஒலியைக் கூட்டு" என்று சொல்வதில்லை, ஓர் எண்ணை அனுப்புகிறது. யூஎஸ்பி, ப்ளூடூத் கீபோர்டுகள் பின்பற்றும் எச்ஐடி தரநிலை இந்த எண்களைப் 'பக்கம்' எனப்படும் தொகுதிகளாகப் பிரிக்கிறது: எழுத்து விசைகளுக்கு 7-ஆம் பக்கம், மல்டிமீடியா விசைகளுக்கு 'கன்ஸ்யூமர்' எனப்படும் 12-ஆம் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒலியைக் கூட்ட 233, குறைக்க 234, மியூட்டுக்கு 226, ப்ளே-பாஸுக்கு 205, அடுத்த பாட்டுக்கு 181, முந்தையதற்கு 182, கால்குலேட்டருக்கு 402. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த எண்ணை வாங்கித் தன் பட்டியலில் உள்ள ஒரு விசைப்பெயராக மாற்றுகிறது. அங்கே மியூட் 113, வால்யூம்டவுன் 114, வால்யூம்அப் 115, ப்ளேபாஸ் 164. அடுத்து, திரையையும் உள்ளீட்டையும் கவனிக்கும் எக்ஸ் சர்வரோ (எக்ஸ்11 என்ற பழைய முறை) வேலண்ட் கம்பாசிட்டரோ (புதிய முறை) எக்ஸ்கேபி என்ற விசை அட்டவணையைப் பார்த்து அதை 'எக்ஸ்எஃப்86ஆடியோரெய்ஸ்வால்யூம்' போன்ற இன்னொரு பெயராக மாற்றும். (எக்ஸ்ஃப்ரீ86 என்ற பழைய திட்டத்தின் முன்னொட்டு இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்புகள் பார்ப்பது இந்தக் கடைசிப் பெயரைத்தான். பெயரைப் பார்த்து, அதற்குரிய வேலையைச் செய்யும். ப்ளே, அடுத்தது, முந்தையது போன்றவை என்றால் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஏதாவது ஒரு பிளேயருக்குத் தகவல் அனுப்பும்.

ஆக, ஷார்ட்கட் ஜன்னல் பாதையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. பெயரோடு வந்து சேரும் விசை மட்டும்தான் அதன் கண்ணில் படும். வழியிலேயே நின்றுபோன விசையை நீங்கள் எத்தனை முறை அமுக்கினாலும், அந்த ஜன்னலைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. ஜன்னலில் பிழை இல்லை, அதற்குச் செய்தியே போகவில்லை.

ஒரு காலத்தில் இந்த வேலை இன்னும் கொடுமையாக இருந்தது. செட்டிங்ஸில் நீளமான கீபோர்டு மாடல் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் உங்களுடையதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்மோட்மேப் என்ற விசை மாற்றும் நிரலுக்குக் கையால் எழுத வேண்டும், அப்புறம் எக்ஸ்பைண்ட்கீஸ் மாதிரி இன்னொரு நிரலை இயக்க வேண்டும். மல்டிமீடியா விசைகளுக்கென்றே லைனீக், கீடச் என்ற தனி நிரல்கள் இருந்தன. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் பதிப்புகள்) கெர்னல் தரும் விசையை அப்படியே வாங்கும் எவ்டெவ் டிரைவருக்கு மாறிய பிறகு, விசைக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு கெர்னலிடம் போனது. அதன் பிறகு பெரும்பாலானவர்களுக்கு மாடல் பட்டியல் தேவையில்லாமல் போய்விட்டது. பழைய கட்டுரை எதையாவது படித்துவிட்டு மாடலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். யூஎஸ்பி கீபோர்டுக்கு அதனால் அநேகமாக எந்தப் பயனும் இல்லை.

சரி, உங்கள் பட்டன்கள் எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடிப்போம். எவ்டெஸ்ட் என்ற சிறு நிரலை நிறுவி ரூட் (நிர்வாகி) அனுமதியோடு இயக்குங்கள். உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல் வரும். பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒரே கீபோர்டு இரண்டு, மூன்று பெயர்களில் அங்கே நிற்கும். ஒன்று வெறும் பெயரோடு, ஒன்று 'கன்ஸ்யூமர் கன்ட்ரோல்' என்ற வால் ஒட்டி, ஒன்று 'சிஸ்டம் கன்ட்ரோல்' என்று, சில சமயம் 'மவுஸ்' என்றுகூட. எழுத்து விசைகள் ஒன்றில் வரும், மல்டிமீடியா விசைகள் பெரும்பாலும் கன்ஸ்யூமர் கன்ட்ரோலில் வரும். ஒன்றைத் தேர்ந்து, பட்டனை அமுக்கி, எதுவும் வரவில்லை என்று முடிவு கட்டிவிடாமல் எல்லாவற்றிலும் ஒருமுறை பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: எவ்டெஸ்ட் ஓடும்போது நீங்கள் தட்டும் எல்லாமே திரையில் வரும், கடவுச்சொல் உட்பட. அந்த வெளியீட்டை உதவி கேட்டு எங்காவது ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் நூலகத்தின் சோதனைக் கட்டளை இதே காரணத்துக்காகத்தான் விசை எண்களை இயல்பாக மறைத்து வைக்கிறது; தனி விருப்பத்தேர்வு கொடுத்தால்தான் காட்டும்.

அமுக்கியதும் பொருத்தமான பெயர் ஒன்று வந்தால் கெர்னல் வரை எல்லாம் ஒழுங்கு. கோளாறு அதற்கு மேலே. 'அன்நோன்' என்று, 240 என்ற எண்ணோடு வந்தால் கீபோர்டு ஏதோ சொல்கிறது, கெர்னலுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். எதுவுமே வராவிட்டால் அந்தப் பட்டன் சாதாரண வழியில் பேசவே இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறி இரண்டாவதற்கும் பொருந்தும், மூன்றாவதற்கும் பொருந்தும். கீபோர்டைப் பார்க்காமல் நான் எதையாவது சொன்னால் அது ஊகம்தான். ஆனால் நான்கு பட்டன்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்ற மூன்றுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்கலாம்.

முதல் நிலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெயர் சரியாக வருகிறது, ஆனாலும் டெஸ்க்டாப் கண்டுகொள்ளவில்லை என்றால், நீங்கள் எக்ஸ்11-இல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். எக்ஸ்11 விசை எண்களை 8 முதல் 255 வரைதான் ஏற்கும். கெர்னல் எண்ணோடு 8-ஐக் கூட்டினால் எக்ஸ் எண். அதாவது கெர்னல் பட்டியலில் 247-க்கு மேல் உள்ள எதுவும் எக்ஸ் நிரல்களுக்குப் போய்ச் சேராது. மைக்கை மியூட் செய்யும் விசை 248! ஒரே ஓர் எண்ணில் வெளியே நிற்கிறது. அதனால்தான் எத்தனையோ லேப்டாப்புகளின் மைக் விசையை எஃப்20 என்று பெயர் மாற்றி அனுப்புகிறார்கள். எக்ஸ்கேபி அட்டவணை எஃப்20-ஐ மறுபடி மைக் மியூட்டாக எடுத்துக்கொள்ளும். எவ்டெஸ்டில் மைக் பட்டனுக்கு எஃப்20 என்று வந்தால் குழம்ப வேண்டாம், வேண்டுமென்றே செய்தது. டச்பேடை நிறுத்தும் விசைக்கு எஃப்21 வருவதும் இப்படித்தான். வேலண்டில் இந்த எல்லை கிடையாது.

இரண்டாம் நிலைதான் கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, ஆனால் பலன் முழுதாகக் கிடைக்கும். 'அன்நோன்' வரிக்கு முன்னால் 'எம்எஸ்சி ஸ்கேன்' என்ற வரியில் ஒரு பதினாறடிமான எண் (0-9, ஏ-எஃப் கொண்டு எழுதுவது) இருக்கும். அதுதான் கீபோர்டு உண்மையில் அனுப்பிய எண். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வரும், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வில் எச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் தரவுத்தளம் ஒன்று உண்டு; 'இன்ன கீபோர்டிலிருந்து இன்ன எண் வந்தால் இன்ன பெயர் வை' என்று அதில் எழுதலாம். கணினியோடு வரும் கோப்பு '60-கீபோர்டு' என்று தொடங்கும். அதை மாற்றாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். ஈடிசி கோப்புறைக்குள் யூடெவ், அதற்குள் 'எச்டபிள்யூடிபி.டி' என்ற கோப்புறையில் 90 என்று தொடங்கும் பெயரில் சொந்தக் கோப்பு ஒன்று வையுங்கள். முதல் வரியில் எந்தச் சாதனம் என்ற அடையாளம்: பஸ் வகை, அதாவது இணைப்பு வகை (யூஎஸ்பிக்கு 0003), தயாரிப்பாளர் எண், பொருள் எண். அடுத்த வரியில் ஸ்கேன் எண்ணும் அதற்கு நீங்கள் தரும் பெயரும். எழுதும் முறை 60-கீபோர்டு கோப்பின் தலைப்பிலேயே விளக்கமாக இருக்கிறது, கீழே நூற்றுக்கணக்கான மாதிரிகளும் உண்டு. உங்களுடையதற்கு நெருக்கமான ஒன்றைப் பார்த்து எழுதுவதே சுலபம்.

இதில் மூன்று சில்லறைத் தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். மூன்றுமே எந்தப் பிழைச் செய்தியும் கண்ணில் படாமல் உங்களைச் சுற்றவிடும். சாதன அடையாளத்தில் உள்ள பதினாறடிமான எண்களின் ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். விசைப்பெயரைச் சிறிய எழுத்தில், கெர்னல் பட்டியலில் முன்னால் வரும் 'கீ' என்ற ஒட்டை நீக்கி எழுத வேண்டும். கோப்பைச் சேமித்த பிறகு 'சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்' கட்டளை, அப்புறம் 'யூடெவ்அட்ம் ட்ரிகர்' கட்டளை. இரண்டாவதை மறந்துவிட்டால் கீபோர்டைக் கழற்றி மாட்டினாலும் போதும், முதலாவதை மறந்தால் எதுவும் மாறாது. 'யூடெவ்அட்ம் இன்ஃபோ' கட்டளையில் உங்கள் சாதனத்தைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய வரி அங்கே தெரிந்தால் பொருத்தம் சரி, தெரியாவிட்டால் முதல் வரியில்தான் பிழை.

எந்தப் பெயரைத் தருவது என்று யோசிப்பீர்கள். பட்டன் மேல் அச்சிட்ட படத்துக்குப் பொருத்தமான பெயர் கெர்னலில் இருந்தால் அதையே தாருங்கள்: மெயில், ஹோம்பேஜ், சர்ச், கால்க் இப்படி. வெறும் எண் போட்ட பட்டன்கள் என்றால் ப்ராக்1 முதல் ப்ராக்4 வரை உள்ள நான்கு பெயர்கள் தோதாக இருக்கும்; டெஸ்க்டாப்பில் அவை லான்ச்1, லான்ச்2 என்று வந்து சேரும், வேறெதோடும் மோதாது. உங்களிடம் இருப்பதும் நான்கு பட்டன்கள்தானே. பட்டியலில் மேக்ரோ1 என்ற பெயரைப் பார்த்து ஆசைப்படலாம். அதன் எண் 656, எக்ஸ்11-இல் தெரியாது. வேலண்டில் மட்டுமே இருக்கப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை.

எச்டபிள்யூடிபியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரு பட்டனை அமுக்கினால் மூன்று விசைகள் சேர்ந்து அமுங்கியது போலச் செய்ய அதனால் ஆகாது. இரண்டு பட்டன்கள் ஒரே எண்ணை அனுப்பினால் அவற்றைப் பிரித்தறியவும் முடியாது. சில கீபோர்டுகளில் 'மேக்ரோ' பட்டன்கள் ஆரம்பத்தில் எஃப்1, எஃப்2 அனுப்புகிற அதே எண்ணையே அனுப்பும். அங்கே எந்த மென்பொருளும் உதவாது, கீபோர்டுக்குள்ளேயே மாற்றினால்தான் உண்டு. இதற்கு நேர் எதிரான வகையும் இருக்கிறது: ஒரே பட்டன், ஆனால் ஒரு கூட்டத்தையே அனுப்பும். புதிய லேப்டாப்புகளில் வரும் கோபைலட் விசை அப்படித்தான், இடது ஷிஃப்ட், சூப்பர் (விண்டோஸ் விசை), எஃப்23 மூன்றையும் சேர்த்து அனுப்புகிறது. அதை வெறும் கன்ட்ரோல் விசையாக மாற்ற எச்டபிள்யூடிபியில் போராடுவது வீண்.

மூன்றாம் நிலை, அதாவது எவ்டெஸ்டில் எந்தச் சாதனப் பெயரிலும் எதுவும் வராத நிலை, கொஞ்சம் சலிப்பூட்டும். லேப்டாப்பில் இது நடந்தால், விசையை உள்ளே இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சில்லு தானே கவனித்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஏசிபிஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகம் வழியாக வரும் தகவலைப் படிக்கத் தயாரிப்பாளருக்கென்று உள்ள கெர்னல் டிரைவர் தேவைப்படலாம். திங்க்பேடு, ஏசஸ், டெல், எச்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர் உண்டு. எஃப்என் விசை பல லேப்டாப்புகளில் கணினிக்குத் தெரியாமலே வேலை செய்யும். அதைத் தனியாக எதற்கும் ஒதுக்க முடியாது. வெளிக் கீபோர்டில் நடந்தால், பட்டன் தயாரிப்பாளர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட எச்ஐடி பக்கத்தில் பேசுகிறது என்பதுதான் வழக்கமான காரணம். கெர்னலின் பொதுவான டிரைவர் அந்தப் பேச்சை விசையாக எடுத்துக்கொள்ளாது. லாஜிடெக் என்றால் சோலார் என்ற நிரல் அந்த மொழியைப் பேசும். பட்டனைத் திசைதிருப்பி, விதி எழுதி வேலை கொடுக்கலாம். மற்றவற்றுக்கு, கெர்னல் 6.3 முதல் எச்ஐடி-பிபிஎஃப் என்ற வசதி இருக்கிறது. சாதனம் அனுப்பும் தகவலை இடையில் ஒரு சிறு நிரல் வைத்துத் திருத்தலாம், முழு டிரைவர் எழுதத் தேவையில்லை. ஆனால் அது நிரல் எழுதத் தெரிந்தவருக்கான கருவி. வெறுமனே ஒரு பட்டனுக்காக அந்த ஆழத்தில் இறங்கச் சொல்லமாட்டேன். கீபோர்டுக்குள்ளேயே ஓடும் க்யூஎம்கே மென்பொருளையோ விசைகளை மாற்றியமைக்கும் வியா கருவியையோ ஏற்கும் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பட்டன் என்ன அனுப்ப வேண்டும் என்பதைக் கீபோர்டின் நினைவகத்திலேயே எழுதிவிடலாம், எந்தக் கணினியில் செருகினாலும் அதே பலன்.

பெயர் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மேல்பாதி, இது சுலபம். க்னோமில் செட்டிங்ஸ், கீபோர்டு, ஷார்ட்கட் என்று போனால் ஒலியும் மீடியாவும் தனிப் பிரிவாக இருக்கும். அதற்குக் கீழே 'கஸ்டம்' பிரிவில் எந்தக் கட்டளையையும் எந்த விசைக்கும் ஒதுக்கலாம். ஒலி ஒரு அமுக்கலுக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு மட்டும் ஜன்னலில் இடமில்லை; க்னோமின் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளையில் மீடியா-கீஸ் பிரிவில் 'வால்யூம்-ஸ்டெப்' என்ற மதிப்பு 6 என்று இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். கேடிஇயில் சிஸ்டம் செட்டிங்ஸின் ஷார்ட்கட் பக்கம் இன்னும் விரிவானது, ஒரு வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளை வைக்க விடும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் ஒலி விசைகளைக் கவனிப்பது பேனலில் இருக்கும் பல்ஸ்ஆடியோ செருகி. அழகுக்காக அதைப் பேனலிலிருந்து நீக்கிவிட்டு, 'விசைகள் திடீரென்று செத்துவிட்டன' என்று தேடுபவர்கள் உண்டு. ஸ்வே, ஐ3 போன்ற ஜன்னல் மேலாளர்களில் அமைவுக் கோப்பில் நீங்களே எழுத வேண்டும்: ஒலிக்கு, ஒலி இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் டபிள்யூபிசிடிஎல் கட்டளை, பாட்டுக்கு ப்ளேயர்சிடிஎல். ஒலி வரிக்கு உச்ச வரம்பு கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் நூறு சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஸ்வேயில் திரை பூட்டியிருக்கும்போதும் வேலை செய்ய 'லாக்டு' என்ற விருப்பத்தேர்வையும் சேர்க்க வேண்டும்.

ப்ளே விசை ஆள் மாறிப் போவது கீபோர்டுப் பிரச்சினையே இல்லை. பாட்டு பிளேயர்களும் பிரவுசர்களும் எம்ப்ரிஸ் என்ற பொது ஏற்பாட்டின்படி டி-பஸ்ஸில் தங்களைப் பதிவு செய்துகொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு வீடியோ ஓடினால் அதுவும் ஒரு பிளேயர்தான். விசை வந்ததும் டெஸ்க்டாப் அவர்களில் ஒருவரைத் தேர்ந்து அனுப்புகிறது. யாரைத் தேர்வது என்பதில் டெஸ்க்டாப்புகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை, நீங்கள் மனதில் நினைப்பவர்தான் எப்போதும் தேர்வாவார் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. பிரவுசருக்குப் போகவே கூடாது என்றால், ஃபயர்ஃபாக்ஸின் 'அபௌட் கான்ஃபிக்' பக்கத்தில் 'ஹார்டுவேர்மீடியாகீஸ்' என்று தேடி, மீடியா என்று தொடங்கி 'எனேபிள்டு' என்று முடிவதை அணைத்துவிடுங்கள். க்ரோமியம் வகை பிரவுசர்களில் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் இதே பொருளில் ஒரு தேர்வு உண்டு. கடைசியாக நீங்கள் தொட்ட பிளேயருக்கே போக வேண்டும் என்றால் ப்ளேயர்சிடிஎல் தொகுப்பில் ப்ளேயர்சிடிஎல்டி என்ற பின்னணி நிரல் இருக்கிறது. அதை ஓடவிட்டு, ப்ளே விசைக்கு அதன் வழியாகவே கட்டளை கொடுக்கலாம்.

கீடி, இன்புட் ரீமேப்பர் போன்ற விசை மாற்றும் நிரல்களைப் பலர் எடுத்த எடுப்பிலேயே பரிந்துரைப்பார்கள். நல்ல நிரல்கள்தான். அவை கெர்னலிடமிருந்து கீபோர்டை முழுதாகக் கைப்பற்றி, மாற்றி, மெய்நிகர் கீபோர்டு ஒன்றின் வழியாகத் திரும்ப அனுப்புகின்றன. அதனால் எக்ஸ், வேலண்ட், வெறும் கன்சோல் எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். கோபைலட் மாதிரியான கூட்டு விசைகளுக்கும், ஒரே விசை தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று என்ற தேவைகளுக்கும் நான் இவற்றைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் ரூட் அனுமதியோடு ஓடும் ஒரு நிரலின் வழியே போய் வருகிறது. அமைவுக் கோப்பில் தவறு செய்தால் கீபோர்டே கையை விட்டுப் போகும். கீடியில் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும்; நிறுவுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் இல்லாத ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க மட்டும் இது அதிகம். எச்டபிள்யூடிபியில் எழுதிய வரியைக் கெர்னல் ஒருமுறை வாங்கிக்கொண்டால் போதும், பின்னணியில் எதுவும் ஓடத் தேவையில்லை. இன்னொன்று: சில வழிகாட்டிகள் உங்கள் பயனர் கணக்கை 'இன்புட்' குழுவில் சேர்க்கச் சொல்லும். சேர்த்தால் உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும் எல்லா விசைகளையும் படிக்கலாம். ஒரு ப்ளே பட்டனுக்காக அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டாம்.

இதே பாதுகாப்புக் கணக்கில்தான் உங்கள் பெரிய கேள்விக்கான விடையின் ஒரு பாதி இருக்கிறது. பட்டனுக்குப் பெயர் வைப்பது கணினிக்கே உரிய விஷயம். எல்லாப் பயனர்களுக்கும் பொது, ரூட் அனுமதி வேண்டும். அந்தப் பெயருக்கு என்ன வேலை என்பது ஒவ்வொரு பயனரின் சொந்த விருப்பம். இரண்டையும் எழுதுபவர்கள் வேறு: முதலாவது கெர்னல், சிஸ்டம்டி ஆட்களின் கையில், இரண்டாவது டெஸ்க்டாப் ஆட்களின் கையில். வேலண்டில் எந்தச் சாதாரண நிரலும் மற்ற நிரல்களுக்குப் போகும் விசைகளை ஒட்டுக் கேட்க முடியாது. அதனால் வெளியாள் ஒருவர் இரண்டையும் சேர்த்து ஒரு ஜன்னல் எழுதுவதும் முன்பைவிடக் கடினம். நிரல்கள் டெஸ்க்டாப்பிடம் முறையாக அனுமதி கேட்டு விசைகளைப் பெற 'குளோபல் ஷார்ட்கட்ஸ்' என்ற போர்ட்டல் வந்திருக்கிறது, ஆனால் அதுவும் பெயர் வந்து சேர்ந்த விசைக்குத்தான்.

என் கருத்தைக் கேட்டால், எல்லாவற்றையும் அமைக்கும் ஒரே ஜன்னல் தேவையில்லை. இருக்கும் ஷார்ட்கட் ஜன்னலில் ஒரு சின்ன விஷயம் சேர்ந்தால் போதும்: விசையை அமுக்கியும் எதுவும் வரவில்லை என்றால், பேசாமல் இருப்பதற்குப் பதிலாக 'இந்தக் கீபோர்டிலிருந்து பெயரில்லாத ஒரு விசை வந்தது, பெயர் வைக்கட்டுமா?' என்று கேட்க வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு எச்டபிள்யூடிபியில் அந்த ஒரு வரியை எழுதினால் முடிந்தது. இதற்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன: கெர்னல் 'அன்நோன்' என்று சொல்கிறது, ஸ்கேன் எண்ணைத் தருகிறது, பெயர்ப் பட்டியலும் இருக்கிறது, அனுமதி கேட்க போல்கிட் இருக்கிறது. கோர்ப்பவர்தான் வேண்டும். ஆளுக்கொரு புதிய ரீமேப்பர் எழுதும் உழைப்பில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அதுவரை, உங்கள் நான்கு பட்டன்களுக்கும் எச்டபிள்யூடிபி வரிகள் வேலை செய்தால் அவற்றைச் சிஸ்டம்டி திட்டத்தின் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள். 60-கீபோர்டு கோப்பில் இருப்பவை இப்படி வந்து சேர்ந்தவைதான். கீபோர்டின் முழு மாடல் பெயர், பட்டன்மேல் அச்சிட்டிருக்கும் படம் என்ன என்ற ஒரு வரிக் குறிப்பு, எவ்டெஸ்டில் அந்தப் பட்டனுக்கு மட்டும் வந்த சில வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் போதும். ப்ராக்1 போன்ற பெயர்கள் உங்கள் வசதிக்காக வைத்தவை என்றால் அதையும் குறிப்பிடுங்கள். படத்துக்குப் பொருத்தமான வேறு பெயரை அவர்கள் கேட்கக்கூடும். எவ்டெஸ்டில் எதுவுமே வரவில்லை என்றால், எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் இங்கே எழுதுங்கள். அந்தக் கீபோர்டுக்கு ஏற்கெனவே டிரைவரோ எச்ஐடி-பிபிஎஃப் நிரலோ இருக்கிறதா என்று அதை வைத்துத் தேடலாம்.